புத்தகங்கள் காலி செய்த வீடு

கலிபோர்னியாவில் பெட்டலூமா என்று ஒரு சிற்றூர். உலகத்தின் முட்டைத் தலைநகரம் என்று ஒரு காலத்தில் தன்னைச் சொல்லிக்கொண்ட ஊர் அது. 1879இல் லைமன் பைஸ், ஐசக் டயஸ் என்ற இருவர் அங்கே சேர்ந்து, தாய்க்கோழி இல்லாமலே முட்டைகளைப் பொரிக்க வைக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் கோழிப்பண்ணைதான். அந்தக் கோழிகளின் வரலாற்றைப் பார்க்க இன்று நீங்கள் போக வேண்டிய இடம், ஊர் நடுவே நிற்கும் ஒரு மணற்கல் கட்டடம். உள்ளே போய் அண்ணாந்தால் வண்ணக் கண்ணாடியில் ஒரு குவிமாடம். குனிந்தால் பழைய அடைகாக்கும் பெட்டி, பண்ணைச் சாமான்கள், மங்கிய புகைப்படங்கள். கோழிக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்ணாடிக் கூரை என்று தோன்றும். கூரை கோழிக்காகக் கட்டியதல்ல, புத்தகத்துக்காகக் கட்டியது. 1906இல் இருந்து 1970கள் வரை அதுதான் ஊரின் பொது நூலகம். இன்றும் கட்டடத்தின் பெயர் 'பெட்டலூமா வரலாற்று நூலகமும் அருங்காட்சியகமும்'. குடியிருந்தவர் போன பிறகும் வாசலில் அவர் பெயர்ப்பலகையை எடுக்காத வீட்டைப் போல.

இந்த ஊர் மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அதே கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போவின் வரலாற்று மையம் ஒரு பழைய நூலகத்தில் இருக்கிறது. இண்டியானாவின் நியூ ஆல்பனியில், அடிமைத்தளையிலிருந்து தப்பி ஒஹையோ ஆற்றைக் கடந்தவர்களின் கதையைச் சொல்லும் காட்சிக்கூடம் இருப்பதும் ஒரு பழைய நூலகத்தில். நியூசிலாந்தின் ஹோகிடிகாவில் தங்க வேட்டைக் கதையும் பச்சைக் கல் நகைகளும் குடியேறியது 1908இல் திறந்த நூலகக் கட்டடத்தில். டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் கப்பல்களின் அருங்காட்சியகம், அதுவும் நூலகமாக இருந்த வீடு. நான்கு மூலையிலும் ஒரே கதை நடந்திருக்கிறது என்றால் அது தற்செயல் இல்லை. இந்தக் கட்டடங்களெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குடும்ப மரத்தைப் பிடித்து மேலே ஏறினால் இன்னொன்று தெரியவருகிறது. நூலகம் அருங்காட்சியகமாக மாறியது, பிள்ளை பிறந்த வீட்டுக்குத் திரும்பிய கதை.

பிறந்த வீடு எது என்று பார்க்க, கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியா வரை போக வேண்டும். தாலமி மன்னர்கள் அங்கே 'மௌசையோன்' என்று ஒன்றை நிறுவினார்கள். கலைத் தேவதைகளான மியூஸ்களின் கோயில் என்று பொருள். இன்றைய மியூசியம் என்ற சொல்லுக்குத் தாய் அதுதான். ஆனால் அங்கே உடைந்த பானைகளும் பதப்படுத்திய விலங்குகளும் வரிசையாக இல்லை. அறிஞர்கள் கூடித் தங்கிப் படித்த இடம் அது. புகழ்பெற்ற அலெக்சாந்திரியா நூலகம் அதன் ஓர் அங்கம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் புத்தகச் சுருள்கள் இருந்தால் வாங்கிவைத்துப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு படியை உரியவரிடம் கொடுத்தார்கள் என்று மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். ஆக, மியூசியம் என்ற பெயரில் உலகம் முதலில் அறிந்தது படிக்கும் இடத்தைத்தான்.

அந்தப் பழைய கூட்டுக்குடித்தனம் லண்டனில் மறுபடி தொடங்கியது, ஒரு மருத்துவரின் உயிலால். ஹான்ஸ் ஸ்லோன் ஜமைக்காவுக்குப் போய்ச் செடிகொடிகளைச் சேர்த்தவர். அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களின் வருமானம் மனைவி வழியில் அவர் கைக்கு வந்தது. வாழ்நாள் முழுக்கச் செடி, நாணயம், கல், கையெழுத்துப் பிரதி, புத்தகம் என்று எழுபதாயிரத்துக்கும் மேல் சேர்த்துவிட்டு, 1753இல் இறக்கும்போது மகள்களுக்கு 20,000 பவுண்டு கொடுத்தால் அத்தனையும் நாட்டுக்கு என்று எழுதிவைத்தார். நாடாளுமன்றத்திடம் பணம் இல்லை. லாட்டரி நடத்தித் திரட்டினார்கள். 1759இல் திறந்த பிரிட்டிஷ் மியூசியத்தில் பொருளும் புத்தகமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1909இல் அந்த மியூசியத்தில் உள்ள தமிழ் நூல்களுக்கென்றே ஒரு பட்டியல் வந்தது. தொகுத்தவர்கள் எல்.டி. பார்னெட்டும், திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு. போப்பும். நம் புத்தகங்கள் இங்கிலாந்தில் பல தலைமுறைகள் வசித்தது ஒரு மியூசியத்துக்குள்தான்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். 1845இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்கள் அருங்காட்சியகம் நடத்த வரி போடலாம், பவுண்டுக்கு அரைப் பென்னி. நூலகத்துக்கு வரி போட அந்தச் சட்டத்தில் தனி அனுமதி இல்லை. வாரிங்டன் என்ற நகரம் சட்டத்தைத் தன் தேவைக்கு ஏற்பப் படித்துக்கொண்டது. மியூசியத்துக்கு என்று வரி வசூலித்து, 1848இல் மியூசியத்தோடு ஒரு நூலகத்தையும் திறந்துவிட்டது. பிரிட்டனில் மக்கள் வரிப்பணத்தில் ஓடிய முதல் நூலகங்களில் ஒன்று, அருங்காட்சியகத்தின் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக்கொண்டு பிறந்தது! இரண்டும் இன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

பிள்ளை பிறந்த பிறகு சட்டமும் வந்தது. 1850இல் பொது நூலகச் சட்டம். அதற்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ். கொத்தனார் மகன், தானும் அந்த வேலை பழகியவர், பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தில் பட்டியல் போடும் ஊழியர். அங்கே உட்கார்ந்து புத்தகங்களை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, இதெல்லாம் ஏன் ஊர் ஊராக இருக்கக் கூடாது என்று தோன்றியது. 1852இல் மான்செஸ்டர் இலவச நூலகம் திறந்தபோது அதன் முதல் நூலகர் அவர்தான். திறப்பு விழா மேடையில் சார்லஸ் டிக்கன்ஸ் இருந்தார்.

இதே பத்தாண்டில் நம் சென்னையிலும் ஏறக்குறைய இதே நாடகம் நடந்தது. மெட்ராஸ் இலக்கியச் சங்கம் படிப்பதற்காகக் கூடிய ஒரு கூட்டம். அவர்களிடம் புத்தகத்தோடு கற்களும் கனிமங்களுமாகச் சுமார் 1,100 மாதிரிகள் சேர்ந்துவிட்டன. அவற்றை வைத்து 1851இல், இன்றைய கல்லூரிச் சாலையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில், எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் அரசு அருங்காட்சியகம் தொடங்கியது. சில ஆண்டுகளில் எழும்பூர் பாந்தியன் தோட்டத்துக்கு இடம் மாறியது. பால்ஃபர் அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார், கூட்டம் அலைமோதியது. பழைய சென்னைவாசிகள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். வேடிக்கைப் பெயர்தான், ஆனால் அந்த மியூசியம் உண்மையிலேயே ஒரு காலேஜ் மாடியில்தான் பிறந்தது.

அடுத்தது புத்தகம். இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரி மூடப்பட்டது. அதன் நூலகத்தில் மிஞ்சிய புத்தகங்களைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். வந்தவற்றை எங்கே வைப்பது? அரசு அவற்றை மியூசியத்திடம் தள்ளிவிட்டது. அங்கே பொறுப்பில் இருந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல் 1860களின் தொடக்கத்தில் அவற்றைக்கொண்டு ஒரு சிறு நூலகம் அமைத்தார். அதுதான் வளர்ந்து, ஹென்றி இர்வின் வடிவமைத்த கூடத்தில் 1896 டிசம்பர் 5 அன்று கன்னிமாரா பொது நூலகமாகத் திறந்தது. ஆக, புத்தகச் சங்கம் மியூசியத்தைப் பெற்றது, மியூசியம் நூலகத்தைப் பெற்றது. எழும்பூரில் இன்றும் இரண்டும் ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அந்தப் பழைய கூடத்தில் தேக்கு அலமாரிகளின் வரிசையையும் வளைந்த கூரையையும் பார்க்கும் எவருக்கும், புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு இந்த இடத்தையே ஒரு காட்சிப்பொருளாகக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் உலகம் முழுக்க ஒரே முகச்சாயலில் நூலகங்கள் முளைத்ததற்குக் காரணம் சட்டமும் இல்லை, கப்பலில் வந்த மிச்சமும் இல்லை. தறி இழந்த ஒரு நெசவாளி.

ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் டமாஸ்க் துணிக்குப் பேர்போன ஊர். வெள்ளை நூலில் வெள்ளைப் பூ எழும்பும் மேசைவிரிப்புகள் அங்கே கைத்தறியில் ஓடின. வில்லியம் கார்னெகி வீட்டின் கீழ்த்தளத்தில் தறி, மாடியில் குடும்பம். அந்த ஊர் நெசவாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் புத்தகம் போட்டுச் சேர்த்துச் சுற்றுக்கு விட்டுப் படித்தவர்கள். நீராவித் தறி வந்தது. கைத்தறிக்கு வேலை இல்லாமல் போனது. 1848இல் குடும்பம் கடன் வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பிட்ஸ்பர்க்கை ஒட்டிய அலகெனியில் குடியேறியது. பதின்மூன்று வயது மகன் ஆண்ட்ரூ பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் வேலைக்குப் போனான். வாரக்கூலி ஒரு டாலர் இருபது சென்ட்.

அந்த ஊரில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் தன்னிடம் இருந்த சுமார் நானூறு புத்தகங்களை உழைக்கும் பையன்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்துவந்தார். பிறகு அது பெரிதாகி ஒரு நிறுவனமானபோது, கைத்தொழில் பழகும் பையன்களுக்கு மட்டும் இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு இரண்டு டாலர் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த ஆண்ட்ரூ கைத்தொழிலாளி கணக்கில் வரவில்லை. 1853இல் 'உழைக்கும் பையன்' என்று கையெழுத்திட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். பதில் வந்தது, பதிலுக்குப் பதில் எழுதினான். கடைசியில் விதி மாறியது. இரண்டு டாலரை மிச்சப்படுத்திய அந்தக் கடிதம் பின்னாளில் 5.6 கோடி டாலர் செலவுக்குப் பிள்ளையார் சுழி போட்டது என்று சொன்னால் மிகையில்லை.

எஃகில் கோடி கோடியாகச் சம்பாதித்த பிறகு ஆண்ட்ரூ கார்னெகி முதல் நூலகத்தைப் பிறந்த ஊருக்கே கொடுத்தார். 1881இல் டன்ஃபர்ம்லினில் அடிக்கல் நாட்டியவர் அவருடைய தாய் மார்கரெட். 1883இல் நூலகம் திறந்தது. வாசலுக்கு மேல் குடும்பச் சின்னம் எதுவும் வேண்டாம், உதிக்கும் சூரியனைச் செதுக்குங்கள் என்றார் கார்னெகி. சூரியனோடு, வெளிச்சத்தை வரவேற்கும் ஒரு வேதவாசகம். இந்த வெளிச்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது ஒரு தொல்லையாகப் போகிறது.

அதற்குப் பிறகு வெள்ளம்தான். மொத்தம் 2,509 நூலகங்கள், தொடக்கத்தில் பார்த்த கட்டடங்களும் இவற்றில் அடக்கம். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1,680, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 660, கனடாவில் 125, நியூசிலாந்தில் 18. தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்க் குடியேறிய மொரீஷியஸின் கியூர்பீப்பிலும் ஃபிஜியின் சுவாவிலும்கூட ஒவ்வொன்று எழுந்தது. விதி எளிமையானது. ஊர் இடம் கொடுக்க வேண்டும். கட்டடத்துக்குப் பணம் கார்னெகி கொடுப்பார். ஆனால் ஆண்டுதோறும் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊர் தன் வரியிலிருந்து நூலகத்துக்குச் செலவழிப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். புத்தகம் அவர் வாங்கித் தர மாட்டார், சம்பளமும் தர மாட்டார்.

பணம் கேட்டு வந்த கடிதங்களையெல்லாம் பிரித்துப் படித்துப் பதில் போட்டவர் அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம். கண்டிப்பானவர். சில ஊர்கள் கிடைத்த பணத்தில் தூணும் கோபுரமும் குவிமாடமும் கணப்பு அடுப்பும் வைத்து அழகு பார்த்துவிட்டு, படிக்க இடம் போதவில்லை என்று திரும்பவும் கை நீட்டின. பெர்ட்ராம் பொறுமையிழந்து 1911இல் ஒரு சிறு துண்டறிக்கை அச்சிட்டு எல்லா ஊருக்கும் அனுப்பினார், நூலகம் எப்படிக் கட்ட வேண்டும் என்று. கார்னெகி ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தும் இயக்கத்துக்குப் பணம் கொடுத்தவர். ஆகையால் அந்த அறிக்கையின் தலைப்பிலேயே கட்டடம் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து குறைந்திருக்கும்.

அந்த அறிக்கை சொன்ன கட்டடத்தை மனத்தில் கட்டிப் பாருங்கள். நீள்சதுரம். ஒரே தளம், அதற்குக் கீழே பாதி தரைக்குள் இறங்கிய இன்னொரு தளம். ஆகவே வாசலுக்குப் படியேறித்தான் போக வேண்டும். நுழைந்ததும் எதிரே நூலகரின் மேசை. அங்கே உட்கார்ந்தபடி ஒரே ஆள் இடப்பக்கம் பெரியவர்களையும் வலப்பக்கம் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளலாம். சன்னல்கள் தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில். அதற்குக் கீழே சுவர் முழுக்க அலமாரி, மேலேயிருந்து வெளிச்சம். கீழ்த்தளத்தில் சொற்பொழிவுக்கு ஒரு கூடம். உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரன் கட்டியதைப் போலவே எங்களுக்கும் ஒன்று என்று கேட்டவர்கள் ஏராளம்.

திட்டம் இவ்வளவு கறார் என்றாலும் தற்செயலுக்கும் இடம் இருந்தது. 1899இல் வாஷிங்டனில், குடியரசுத் தலைவர் மெக்கின்லியைச் சந்திக்க வெள்ளை மாளிகையில் காத்திருந்த கார்னெகியின் பக்கத்தில் இன்னொருவரும் காத்திருந்தார். பிரெய்னர்ட் வார்னர், நகர நூலகக் குழுவைச் சேர்ந்தவர். பொழுது போகப் பேச்சுக் கொடுத்தார்கள். எங்களுக்குக் கட்டடம் இல்லை என்றார் வார்னர். காத்திருப்பு அறையிலேயே பேரம் முடிந்தது. 1903இல் மவுண்ட் வெர்னன் சதுக்கத்தில் வெள்ளைப் பளிங்கில் அந்த நூலகம் திறந்தது. நிறப் பிரிவினை நிலவிய அந்நகரில் தொடக்கத்திலிருந்தே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து படித்த அரிய பொதுக்கட்டடம் அது. எல்லா ஊரும் அப்படி இல்லை. அட்லாண்டாவில் கார்னெகி நூலகம் 1902இல் திறந்தபோது கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை. அறிஞர் டு பாய்ஸ் நேரில் போய் வாதாடியும் கதவு திறக்கவில்லை.

வேண்டாம் என்ற ஊர்களும் உண்டு. 1892இல் கார்னெகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளர்கள் மீது நிர்வாகம் கூலிப்படையை ஏவி, இருபுறமும் உயிர்கள் போயின. எங்கள் கூலியில் பிடித்ததை எங்களுக்கே கட்டடமாகத் தருவதா என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதற்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன் நின்றவன் எப்போது போய்ப் படிப்பான்? 1916இல் ஆல்வின் ஜான்சன் என்ற பொருளியலறிஞர் நூலகங்களைச் சுற்றிப் பார்த்து, கட்டடம் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். மறு ஆண்டு புதிய கட்டடங்களுக்குப் பணம் கொடுப்பது நின்றது.

ஆளைப் பயிற்றுவிப்பதில் அக்கறை காட்டிய ஒருவர் நம் பக்கத்தில் இருந்தார், முதலில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சில நாளிலேயே அந்த வேலையின் தனிமை பொறுக்காமல் கணிதத்துக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ், லண்டனை ஒட்டிய குராய்டன் நகரின் தலைமை நூலகர். ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார் என்று மாணவரை ஏவியவர் அவர்தான். ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பார்த்து, புத்தகங்களையும் இப்படிக் கழற்றி மாட்டி வகைப்படுத்தலாமே என்று ரங்கநாதனுக்குத் தோன்றியதும் அந்த நாட்களில். திரும்பி வந்தவர் பிறகு கணிதத்தை நினைக்கவில்லை. அவர் முயற்சியில் 1948இல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலகத்துக்கு ஊர் தன் வரியிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் வீட்டுவரி ரசீதில் நூலக வரியாக இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

சேயர்ஸ் ஆண்ட குராய்டன் நூலகம் என்ன ஆயிற்று? 1896இல் திறந்த நகர மன்றத்தின் செங்கல் கட்டடத்தில் அது இருந்தது. 1990களில் பக்கத்திலேயே புதிய கூடம் கட்டிப் புத்தகங்கள் அங்கே போயின. அந்தப் பழைய வளாகத்தில் குராய்டன் அருங்காட்சியகம் வந்தது. ஊர்க்காரர்களின் அன்றாடப் பொருள்களும் குரல்களும் அங்கே கதை சொல்கின்றன. ஈழத்தமிழர் ஏராளமாகக் குடியேறிய பகுதி அது.

ஈழம் என்றதும் யாழ்ப்பாண நூலகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய வாசிப்பு முயற்சி, நரசிம்மன் வரைந்த திராவிடப் பாணிக் கட்டடமாக 1959இல் திறந்தது. அதற்கு ஆலோசகராக இருந்தவரும் ரங்கநாதன்தான். 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் அது எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள், அவற்றோடு வேறெங்கும் இல்லாத ஓலைச்சுவடிகள். எரிந்த நூலகம் நினைவுச்சின்னமாக நின்றுபோகவில்லை. அதே வடிவில் எழுப்பி மறுபடி புத்தகம் அடுக்கினார்கள். இந்தக் கட்டுரையில் வரும் கட்டடங்களிலேயே அருங்காட்சியகமாக மாற ஆயிரம் காரணம் இருந்தும் நூலகமாகவே திரும்பி வந்தது இது ஒன்றுதான், இதைத் தனியே நிறுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

மற்ற ஊர்களில் புத்தகங்கள் ஏன் வீட்டைக் காலி செய்தன? நெருப்பால் அல்ல, நெருக்கடியால். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஊர் பெருத்தது, புத்தகம் பெருகியது, கார் நிறுத்த இடம் இல்லை. எல்லாவற்றையும்விட அந்த வாசற்படி. அறிவை நோக்கி ஏறுவதாக ஆசையோடு வைத்த பத்துப் பதினைந்து படிகள், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும் சுவராகின. 1960கள், 70களில் நகராட்சிகள் புறநகரில் தட்டையான புதிய நூலகம் கட்டிக்கொண்டு போயின. பழைய கட்டடத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஊர் வரலாற்றுச் சங்கத்தார் ஓடி வந்தார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அந்த மேசையில் சிறுவயதில் முத்திரை குத்தி வாங்கிப் படித்தவர்கள். கையில் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பெட்டிகள், வைக்க இடம் இல்லை. இடம் இருக்கிறது, வைக்க ஒன்றும் இல்லை என்றது நகராட்சி. இரண்டும் சேர்ந்தன.

பெர்ட்ராம் புத்தகத்துக்காகச் சொன்னதெல்லாம் பொருளுக்கும் பொருந்திப்போனது. உயரத்தில் சன்னல் வைத்ததால் கீழே சுவர் முழுக்கப் படம் மாட்டலாம். புத்தக எடைக்காகப் பலமாகப் போட்ட தரை ஆட்டுக்கல்லையும் அச்சு இயந்திரத்தையும் தாங்கும். நூலகரின் மேசை நுழைவுச்சீட்டு மேசையானது. சொற்பொழிவுக் கூடம் கிடங்கானது. பொருந்தாதது வெளிச்சம் மட்டுமே. வாசகனுக்கு வேண்டிய வெயில் பழைய பட்டுப் பாவாடைக்கும் கடிதத்துக்கும் எமன். துணியும் காகிதமும் வெளுக்காமலிருக்க 50 லக்ஸ் போதும் என்பது அருங்காட்சியகக்காரர்களின் கணக்கு, மங்கிய விளக்கில் வீட்டுத் திண்ணை இருக்குமே, ஏறக்குறைய அவ்வளவு. ஆகையால் வெளிச்சத்தை அழைத்து வந்த அந்த உயரமான சன்னல்களுக்குத் திரை போடுவதுதான் குடியேறியவர்களின் முதல் வேலையாக இருந்தது. வாசலில் சூரியன், உள்ளே இருட்டு.

இயற்கையும் கொஞ்சம் கை கொடுத்தது, கை வைத்தது. ஆண்ட்ரூ கடிதம் எழுதிய அந்த அலகெனியிலேயே 1890இல் அவர் கட்டிய நூலகம் ஒன்று உண்டு. 2006இல் அதன் மணிக்கூண்டில் இடி விழுந்தது. புத்தகங்கள் வேறிடம் போயின. 2019 முதல் அங்கே சிறுவர் அருங்காட்சியகத்தின் கிளை இயங்குகிறது. ஹோகிடிகாவிலோ நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று கண்டு 2016இல் அருங்காட்சியகத்தை மூடிக் கட்டடத்தை வலுப்படுத்த வேண்டியிருந்தது. இடியும் நிலநடுக்கமும் இல்லாமலே, பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலகம் 1973இல் தனி நிறுவனமாகப் பிரிந்து, 1990களின் இறுதியில் செயின்ட் பான்கிராஸுக்குக் குடிபெயர்ந்தது. மூன்றாம் ஜார்ஜின் புத்தகங்களுக்காக 1820களில் கட்டிய நீண்ட கூடம் 2003 முதல் காட்சிக்கூடம். உலகப் புகழ்பெற்ற வட்டமான வாசிப்பறையில் 2007இல் சீனத்தின் சுடுமண் போர்வீரர்கள் வந்து நின்றார்கள்.

வாஷிங்டன் கதைதான் மனத்தை உறுத்துவது. 1972இல் புத்தகங்கள் போன பிறகு அந்தப் பளிங்குக் கட்டடம் நெடுநாள் நிலையான ஆள் இல்லாமல் இருந்தது. 2003இல் நகர அருங்காட்சியகமாகக் கோலாகலமாகத் திறந்தார்கள். தலைநகருக்கு வரும் கூட்டம் பெரிய தேசிய அருங்காட்சியகங்களுக்குப் போனதே தவிர, உள்ளூர்க் கதையைக் கேட்க இங்கே திரும்பவில்லை. ஒன்றரை ஆண்டில் மூடிவிட்டார்கள். 2019இல் செப்பனிட்டுத் திறந்தபோது கீழ்த்தளத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் கடை, மேல்தளத்தில் நகர வரலாற்று மையம். வரலாற்றுக்கு வாடகை கட்ட ஒரு பெரிய வியாபாரி தேவைப்பட்டார். மூடிக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் தொடக்கமான டன்ஃபர்ம்லின் வேறு வழியைப் பிடித்தது. நூலகத்தை அனுப்பவும் இல்லை, அருங்காட்சியகத்தை மறுக்கவும் இல்லை. 1883இன் கட்டடத்தோடு ஒட்டிப் புதிய கட்டடம் எழுப்பி 2017இல் திறந்தார்கள். இந்தப் பக்கம் புத்தகம், அந்தப் பக்கம் ஊரின் வரலாறு, நடுவே நடந்து போகலாம். வரலாற்றுப் பகுதியில் அந்த ஊர் நெசவுக்கு முக்கிய இடம். டமாஸ்க் நெய்த ஒரு தறி, மரச்சட்டமும் கயிறுகளுமாக ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதைச் சுற்றி வந்துவிட்டு, கதவைத் தாண்டினால் மறுபுறம் புத்தக அலமாரிகள், வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைகள்.